ஆலோசகரின் மேசையிலிருந்து வழக்கறிஞரின் மேசைக்கு: வீட்டை இழக்கும் நிலையில் உள்ளவர்களைச் சட்ட உதவியோடு இணைக்கும் பயிற்சி

பிலடெல்பியா நகரின் வடபகுதியில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்ட செங்கல் வீடுகளில் ஒன்றில் வாழும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் கற்பனை மனிதர்தான். ஆனால் அவருடைய நிலையில் இருப்பவர்கள் அந்த நகரில் பலர் உண்டு. வீடு அவருடைய தாயின் பெயரில் இருக்கிறது. தாய் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து மகளே மாதத் தவணையைக் கட்டி வந்தார். வேலை நேரம் குறைக்கப்பட்ட பிறகு ஐந்து மாதத் தவணை நின்றுபோயிற்று. வந்த கடிதங்களில் பாதியைப் பிரிக்காமலே ஒரு பையில் போட்டு, வீட்டுவசதி ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு எடுத்து வருகிறார். அவர் கேட்பது ஒன்றுதான்: தவணைத் தொகையைக் குறைக்க ஏதேனும் வழி இருக்கிறதா? நன்கு பயிற்சி பெற்ற ஆலோசகர் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. பையிலுள்ள தாள்களை வெளியே எடுத்துத் தேதிவாரியாக அடுக்கி, அவற்றில் ஒன்றைத் தனியே காட்டி, "இது உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுத்தரும் பயிற்சியைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்குபவர் அந்த வீட்டையே ஈடாக வைக்கிறார். தவணை தவறினால், கடன் கொடுத்தவர் அந்த வீட்டை விற்றுப் பணத்தை மீட்டுக்கொள்ள எடுக்கும் நடவடிக்கைக்கு ஃபோர்குளோஷர் என்று பெயர். "வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது" என்று நாம் சொல்லும் நிலைமை அதன் கடைசிப் படிதான்; அதற்கு முன்னால் பல மாதங்கள், சில மாநிலங்களில் சில ஆண்டுகள்கூட, அறிவிப்புகளும் வழக்கும் நடந்துகொண்டிருக்கும். கடன் கொடுத்தவரும் மாதந்தோறும் பணம் வசூலிப்பவரும் பெரும்பாலும் ஒருவரல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வசூல், கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகிய அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தை சர்வீசர் என்பார்கள். ஒரே கடன் சில ஆண்டுகளுக்குள் இரண்டு, மூன்று சர்வீசர்களின் கைக்கு மாறுவது சாதாரணம். அவ்வாறு மாறும்போது கட்டிய தவணைகளின் கணக்கு தவறுவதும் உண்டு.

வீட்டுவசதி ஆலோசகர் என்பவர் வழக்கறிஞர் அல்லர். வங்கி ஊழியரும் அல்லர். 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இந்தப் பணிக்கு அடித்தளம் இட்டது. கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளை ஆலோசனை நிலையங்களாக அங்கீகரிக்கிறது. அத்துறையின் திட்டத்தின்கீழ் வரும் ஆலோசகர்கள் ஒரு தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2016 டிசம்பரில் வெளியாயிற்று. தேர்வு 2017 ஆகஸ்டில் தொடங்கியது. நிதி மேலாண்மை, சொத்துப் பராமரிப்பு, வீட்டு உரிமையாளர் மற்றும் குடியிருப்போரின் பொறுப்புகள், பாகுபாடற்ற வீட்டுவசதிக்கான சட்டங்கள், வருமானத்துக்குள் வீடு அமைதல், தவணை தவறுவதையும் வெளியேற்றத்தையும் தவிர்த்தல் என்ற ஆறு பாடங்களில் அந்தத் தேர்வு நடைபெறுகிறது. வீட்டை இழக்கும் நிலையில் வருபவர்களுக்கு இந்த ஆலோசனை இலவசம்.

ஆறு பாடங்களும் அவசியமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், குடும்பத்தின் வரவுசெலவைக் கணக்கிட்டு, கடன் நிபந்தனைகளை மாற்றித் தருமாறு சர்வீசரிடம் விண்ணப்பிக்கத் தெரிந்த ஆலோசகருக்கு, அதே மேசைமேல் கிடக்கும் நீதிமன்ற அழைப்பாணையின் பொருள் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடைவெளியில்தான் வீடுகள் பறிபோகின்றன.

இரண்டு தடங்கள், ஒரே வீடு

தவணை தவறிய கடன் ஒரே சமயத்தில் இரண்டு தடங்களில் ஓடக்கூடும். ஒரு தடத்தில், சர்வீசரின் ஒரு பிரிவு கடனாளியிடம் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, வரித்தாக்கல் நகல் ஆகியவற்றைக் கேட்டு, தவணையைக் குறைக்கலாமா என்று பரிசீலித்துக்கொண்டிருக்கும். மற்றொரு தடத்தில், அதே சர்வீசர் அமர்த்திய வழக்கறிஞர் நிறுவனம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக வழக்கை நடத்திக்கொண்டிருக்கும். 2008 நிதி நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் எண்ணற்ற குடும்பங்கள் முதல் தடத்தில் நம்பிக்கையோடு காத்திருந்தபோதே இரண்டாம் தடத்தில் வீட்டை இழந்தன. தொலைபேசியில் பேசியவர் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்று சொன்னதும், நீதிமன்றத்துக்குப் பதில் கொடுக்க வேண்டிய தேவை இல்லை என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை வீடு.

இந்தக் கொடுமையைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சி விதிகள் 2014 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தன. பொதுவாக, தவணை தவறி 120 நாட்களைத் தாண்டாமல் ஏல நடவடிக்கையின் முதல் அறிவிப்பையோ வழக்கையோ சர்வீசர் தொடங்கக் கூடாது. தவணை தவறிய 36ஆம் நாளுக்குள் கடனாளியோடு நேரடியாகப் பேச முயல வேண்டும். 45ஆம் நாளுக்குள் எழுத்துமூலம் உதவி வழிகளைத் தெரிவிக்க வேண்டும். ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கும் மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்துவிட்டால், 30 நாட்களுக்குள் அதைப் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு வரும்வரை தீர்ப்புக்கோ ஏலத்துக்கோ நீதிமன்றத்தில் மனுச் செய்யக் கூடாது. சிறிய சர்வீசர்களுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், பெரும்பாலான கடன்களுக்கு இதுவே பொதுச் சட்டகம்.

இந்த விதியில் பயிற்சியாளர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய சொல் "முழுமையான" என்பதாகும். ஒரே ஒரு சம்பளச் சீட்டு குறைந்தாலும் விண்ணப்பம் முழுமையற்றது என்று சர்வீசர் சொல்லலாம். விண்ணப்பம் முழுமையாகும்வரை பாதுகாப்பு தொடங்காது. ஆகவே அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் எந்த நாளில், எந்த வழியில், யாருக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். தொலைநகல் போய்ச் சேர்ந்ததற்கான சான்றுச் சீட்டையும், தொலைபேசியில் பேசியவரின் பெயரையும், அவர் சொன்ன சொற்களையும் ஆலோசகர்கள் பதிந்துவைக்கிறார்கள். அலுவலக வழக்கமாகத் தோன்றும் இந்தப் பதிவேடு, சர்வீசர் விதியை மீறினார் என்று பின்னாளில் வழக்கறிஞர் வாதிடும்போது மிக வலுவான சான்றாக மாறுகிறது. தாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் என்றேனும் ஒரு நீதிபதி படிக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுத வேண்டும் என்பதை, ஆலோசகருக்குத் தரப்படும் சட்டப் பயிற்சியில் முதலிடத்தில் வைப்பேன்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சர்வீசருக்கு அளித்த விண்ணப்பம் சர்வீசரைத்தான் கட்டுப்படுத்தும். நீதிமன்ற அழைப்பாணைக்குப் பதில் மனு கொடுக்க வேண்டிய கெடுவை அது நீட்டிப்பதில்லை. ஆலோசகரிடம் வருபவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பயிற்சி பெறாத ஆலோசகருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

மாநிலம் மாறினால் நாட்காட்டியும் மாறும்

அமெரிக்காவில் ஃபோர்குளோஷர் பெரிதும் மாநிலச் சட்டத்தைச் சார்ந்தது. நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா, ஃபுளோரிடா, இல்லினாய், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்ற பிறகே வீட்டை ஏலம் விட முடியும். டெக்சாஸ், ஜார்ஜியா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் நீதிமன்றத்தை நாடாமலே, கடன் பத்திரத்தில் உள்ள அதிகாரத்தைக்கொண்டு, அறிவிப்புக் கொடுத்து விற்றுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. டெக்சாஸில் ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் அறிவிப்புத் தந்தால் போதும். ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறும்.

இந்த வேறுபாடு ஆலோசகரின் வேலையையே மாற்றிவிடுகிறது. வழக்கு நடைபெறும் மாநிலத்தில், கடனாளி பதில் மனுக் கொடுத்தால் ஒரு நீதிபதி இரு தரப்பையும் கேட்டாக வேண்டும். வழக்கு இல்லாத மாநிலத்தில் நீதிபதியே இல்லை. ஏலத்தை நிறுத்த வேண்டுமானால் கடனாளிதான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்குத் தகுந்த காரணத்தையும் ஆவணங்களையும் அவரே திரட்ட வேண்டும். 21 நாட்களுக்குள் ஒரு சட்ட உதவி நிலையத்தில் இடம் கிடைத்து, வழக்கறிஞர் கோப்பைப் படித்து, மனுத் தயாரித்து, தடையுத்தரவு பெறுவது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் டெக்சாஸ் ஆலோசகர் ஏல அறிவிப்புக்காகக் காத்திராமல், அதற்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதத்தைக் கண்டவுடனே வழக்கறிஞரை அழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறொரு மாநிலத்துக்காக எழுதிய பயிற்சிக் கையேட்டை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதில் உள்ள ஆபத்தும் இதுவே.

நம் பெண்மணியின் பென்சில்வேனியாவுக்கு வருவோம். அங்கே 1983ஆம் ஆண்டின் 91ஆம் சட்டம் ஆலோசகரைச் சட்ட நடைமுறைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் கடன்களுக்கு, வழக்குத் தொடுக்கும் முன் ஓர் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அது கிடைத்தவர் 33 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட ஆலோசனை நிலையத்தை நேரில் சந்தித்தால், கடன் கொடுத்தவர் சிறிது காலம் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். மாநிலத்தின் அவசரக் கடனுதவிக்கு விண்ணப்பிக்கும் வழியும் அந்தச் சந்திப்பின் மூலமே திறக்கிறது. வழக்குத் தொடுக்கப்பட்டுவிட்டால், மனு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 20 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் தராதவர் மீது, மேலும் ஓர் எச்சரிக்கை அறிவிப்புக்குப் பின், அவர் தரப்பைக் கேளாமலே தீர்ப்பு வந்துவிடும். "இது உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது?" என்று ஆலோசகர் கேட்டது இதனால்தான். அந்தத் தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையதாக இருந்தால், தவணைக் கணக்கைப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வழக்கறிஞரை அன்றே அழைக்க வேண்டும்.

எல்லைக்கோடு

வழக்கறிஞர் அல்லாத ஒருவர் சட்ட ஆலோசனை வழங்குவது அமெரிக்க மாநிலங்களில் தடைசெய்யப்பட்ட செயல். இந்த அச்சத்தால் சில ஆலோசகர்கள் சட்டம் தொடர்பான எதையுமே பேசாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், உதவ வேண்டும் என்ற ஆர்வத்தில் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். இரண்டுமே வந்தவருக்குத் தீங்கு செய்யும். எனவே தகவலுக்கும் ஆலோசனைக்கும் இடையிலுள்ள கோட்டை எடுத்துக்காட்டுகளோடு பழக்க வேண்டியிருக்கிறது. "இந்தத் தாள் நீதிமன்றத்திலிருந்து வந்தது, 20 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும் என்று இதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது" என்பது தகவல். "உங்களுக்கு நல்ல எதிர்வாதம் இருக்கிறது, இப்படிப் பதில் எழுதுங்கள்" என்பது சட்ட ஆலோசனை. "திவால் மனு என்று ஒரு வழி இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்" என்று சொல்லலாம், "நாளைக்கே திவால் மனுப் போடுங்கள்" என்று சொல்லக் கூடாது.

திவால் மனுவைப் பற்றி ஆலோசகர் அறிந்திருக்க வேண்டிய அளவு சிறியதுதான், ஆனால் அது மிக முக்கியமானது. திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தின்கீழ் மனுத் தாக்கல் செய்தால், பெரும்பாலான வழக்குகளில் அந்தக் கணமே வசூல் நடவடிக்கைகள் தாமாக நின்றுவிடும். நிலுவைத் தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டித் தீர்க்கத் திட்டம் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏலம் முடிந்த பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அத்துடன், 2005ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், மனுவுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கடன் ஆலோசனை ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் இதைக் கண்டு தாமே முடிவெடுப்பதற்கில்லை. ஏலத்துக்கு எட்டே நாட்கள் இருக்கும்போது யாரை முதலில் அழைப்பது என்பதை அறிந்துகொள்வதற்குத்தான் இந்த அறிவு.

தாள்களில் எதைத் தேடுவது

பயிற்சியின் வளமான பகுதி இதுதான் என்று நான் கருதுகிறேன். மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கும் செவிலியர் நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்தே அறிகிறார். ஆலோசகரிடமும் அத்தகைய கண்ணை வளர்க்க வேண்டும்.

நம் பெண்மணியின் பையில் அப்படிப்பட்ட அடையாளம் ஒன்று இருக்கிறது: கடனும் பத்திரமும் இறந்துபோன தாயின் பெயரில் இருக்கின்றன. சர்வீசரை அழைக்கும்போதெல்லாம், "நீங்கள் கடனாளி அல்ல, உங்களிடம் பேச முடியாது" என்று அவருக்குப் பதில் வந்திருக்கும். ஆனால் 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மைன் சட்டத்தின்படி, கடனாளி இறந்து வீடு உறவினருக்குச் சேர்ந்து அவர் அதில் வாழ்ந்தால், அதைக் காரணம் காட்டி முழுக் கடனையும் உடனே கேட்க முடியாது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வாரிசு என்று உறுதி செய்யப்பட்டவரைக் கடனாளியைப் போலவே சர்வீசர் நடத்த வேண்டும். ஆகவே அவர் தவணைக் குறைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், வாரிசுரிமையைப் பதிவு செய்து, பத்திரத்திலுள்ள வில்லங்கத்தைத் தீர்க்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய பங்கையும் பேசித் தீர்க்க வேண்டும். இது வழக்கறிஞரின் வேலை. பிலடெல்பியாவில் இவ்வாறு உரிமை சிக்கலாகிக் கிடக்கும் வீடுகள் 10,000க்கும் மேற்பட்டவை என்று பியூ அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. பயிற்சி பெறாத ஆலோசகர், "பெயர் உங்களுடையதாக இல்லையே" என்று வருந்தி அனுப்பிவிடுவார். பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில்தான் வேலையைத் தொடங்குவார்.

வேறு அடையாளங்களும் உண்டு. கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லை என்று ஒருவர் சொன்னால், சர்வீசர் மாறியபோது கணக்கு தவறியிருக்கலாம். அப்போது அந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டி எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பும் உரிமை இருக்கிறது, சர்வீசர் அதற்கு ஐந்து வேலை நாட்களுக்குள் ஒப்புகையும், பொதுவாக 30 வேலை நாட்களுக்குள் பதிலும் தர வேண்டும். இராணுவப் பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடனாக இருந்தால், பணிக்காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் நீதிமன்ற ஆணையின்றி வீட்டை ஏலம் விட முடியாது. வயதானவர்கள் தம் வீட்டின் மதிப்பை ஈடாகக் காட்டிப் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற கடனில் மாதத் தவணை இல்லை. ஆனால் சொத்து வரியையோ காப்பீட்டையோ கட்டத் தவறினால் அதிலும் வீடு போகலாம். பல ஆண்டுகளாக மறந்திருந்த இரண்டாவது அடமானக் கடனுக்குத் திடீரென்று கடிதம் வந்தால், அது காலாவதியான கடனா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது மோசடியின் வாசனை. ஃபோர்குளோஷர் வழக்கு பொது ஆவணம் என்பதால், மோசடிக்காரர்கள் அதைப் பார்த்தே வீட்டுக்கதவைத் தட்டுகிறார்கள். முன்பணம் கேட்பது, சர்வீசரோடு பேச வேண்டாம் என்பது, "தற்காலிகமாக" பத்திரத்தை எழுதித் தரச் சொல்வது ஆகியவை அவர்களுடைய வழக்கமான உத்திகள். கூட்டாட்சி வணிக ஆணையம் 2010இல் வெளியிட்ட விதி, கடன் கொடுத்தவர் எழுத்துமூலம் தந்த சலுகையைக் கடனாளி ஏற்றுக்கொள்ளும்வரை இத்தகைய சேவைக்குக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. வழக்கறிஞர்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு இருப்பதால், சில மோசடிக் கும்பல்கள் வழக்கறிஞரின் பெயரை முகமூடியாக அணிந்துகொள்கின்றன. எனவே "ஒரு வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார், பணம் கட்டிவிட்டேன்" என்று வந்தவர் சொன்னால் நிம்மதி அடையாமல், அந்தப் பெயர் மாநில வழக்கறிஞர் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் ஆலோசகருக்கு வேண்டும்.

ஒப்படைத்தல்

தொலைபேசி எண் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டுவதைப் பரிந்துரை என்று பல அலுவலகங்கள் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. வீட்டை இழக்கும் அச்சத்தில், கடிதத்தைப் பிரிக்கவே துணிவில்லாமல் இருப்பவர், அறிமுகமில்லாத ஓர் அலுவலகத்தை அழைத்து, நீண்ட நேரம் காத்திருந்து, தம் கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இதற்கு மாற்றாகப் பயிற்சியில் வலியுறுத்தப்படுவது, வந்தவர் எதிரே அமர்ந்திருக்கும்போதே சட்ட உதவி நிலையத்தை அழைத்து, இருவரையும் ஒரே அழைப்பில் அறிமுகப்படுத்தி, சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்த பிறகே அவரை அனுப்புவது.

அதற்கு முன்னேற்பாடுகள் வேண்டும். தகவலைப் பகிர வந்தவரின் கையொப்பத்தோடு ஒப்புதல் பெற வேண்டும். ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும்: அடுத்த கெடு எது, ஏலத் தேதி குறிக்கப்பட்டுவிட்டதா, பத்திரத்தில் யார் பெயர், வீட்டில் யார் யார் வாழ்கிறார்கள், வருமானம் எவ்வளவு, சர்வீசருக்கு இதுவரை என்னென்ன அனுப்பப்பட்டன. கெடுவைச் சுருக்கத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். வழக்கறிஞருக்குச் சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு ஆலோசகருக்குச் சொல்வதற்கும் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆதலால் வழக்குக்குத் தேவையற்ற அந்தரங்கங்களைக் கோப்பில் எழுதி வைக்காமல், "அதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்" என்று மெல்லத் திருப்பிவிடவும் கற்றுத்தர வேண்டும்.

யாரிடம் அனுப்புவது என்பதும் எளிய கேள்வி அல்ல. 1974இல் நாடாளுமன்றம் உருவாக்கிய சட்டச் சேவைகள் கழகத்தின் நிதியில் இயங்கும் நிலையங்கள், பொதுவாகக் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 125 விழுக்காட்டுக்குள் வருமானம் உள்ளவர்களுக்கே உதவும். குடியுரிமை இல்லாதவர்களில் சில வகையினருக்கு அந்த நிதியில் உதவ முடியாது. வீடு வைத்திருப்பவர்களில் பலரின் வருமானம் அந்த வரம்புக்குச் சற்று மேலே இருக்கும். அவர்களுக்கு வேறு நிதியில் இயங்கும் நிலையங்களையும், சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களையும், மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களின் கட்டணமில்லாப் பணித் திட்டங்களையும் தேட வேண்டும். ஒவ்வொரு நிலையமும் யாரை ஏற்கும், யாரை ஏற்காது என்பதை ஆலோசகர் முன்கூட்டியே கேட்டறிந்திருக்க வேண்டும். தகுதியற்ற இடத்துக்கு அனுப்பித் திரும்பி வருவதில் பத்து நாட்கள் கழிந்தால், அந்தப் பத்து நாட்கள் 20 நாள் கெடுவில் பாதி.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வழக்கைத் தாமதப்படுத்தித் தருவதோடு வீடு காப்பாற்றப்பட்டுவிடாது. கட்டக்கூடிய தவணை ஒன்று கடைசியில் தேவை. அந்தக் கணக்கைப் போட்டு, விண்ணப்பத்தை முழுமையாக்கித் தருபவர் ஆலோசகரே.

பிலடெல்பியா காட்டிய வழி

2008 மார்ச்சில் பிலடெல்பியா நகர மன்றம் வீட்டு ஏலங்களை நிறுத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது; ஏலங்களை நடத்தும் அதிகாரியான ஷெரீஃப் ஜான் கிரீன் அடுத்து வரவிருந்த ஏலத்தை நிறுத்திவைத்தார். அதே ஆண்டில் நகரின் நீதிமன்றம், உரிமையாளர் குடியிருக்கும் வீடுகளைப் பொறுத்தவரை, ஏலத்துக்கு முன் இரு தரப்பும் நேரில் அமர்ந்து பேச வேண்டும் என்று ஆணையிட்டு ஒரு மாற்றுத்தீர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. நீதிபதி ஆனெட் ரிசோ அதை முன்னின்று நடத்தினார். நகர மண்டபத்தின் 676ஆம் எண் நீதிமன்ற அறையில் வீட்டு உரிமையாளர்களும், ஆலோசகர்களும், கட்டணமின்றிப் பணிபுரிய வந்த வழக்கறிஞர்களும், கடன் கொடுத்தவர் தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே இடத்தில் கூடினார்கள். ஓர் உதவி எண்ணை அழைத்தால் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். ஆலோசகர் விண்ணப்பத்தைத் தயாரித்துக்கொண்டு கலந்தாய்வு நாளில் வருவார். சட்டச் சிக்கல் தென்பட்டால் வழக்கறிஞர் சில அடி தூரத்தில் இருப்பார். ஆலோசகர் பார்த்தே கற்றுக்கொள்ளும் வகுப்பறையாகவும் அந்த அறை ஆயிற்று என்பது என் எண்ணம். வழக்கறிஞர் எந்தத் தாளைக் கேட்கிறார், எந்தத் தேதியைப் பார்த்துப் பதறுகிறார் என்பதை வாரந்தோறும் பக்கத்திலிருந்து காண்பதற்கு ஈடான பாடநூல் கிடையாது.

நாடாளுமன்றமும் ஏறத்தாழ அதே காலத்தில் இந்த இணைப்பின் தேவையை உணர்ந்தது. 2007 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் நெய்பர்ஒர்க்ஸ் அமெரிக்கா என்ற அமைப்பின் மூலம் ஃபோர்குளோஷர் ஆலோசனைக்கு 18 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பகுதியை ஆலோசகர் பயிற்சிக்குச் செலவிடவும் இடமளித்தது. 2008 ஜூலையில் வந்த வீட்டுவசதிச் சட்டம் மேலும் 18 கோடி டாலர் ஒதுக்கியபோது, அதில் 3 கோடியை வழக்கறிஞர்களை அமர்த்துவதற்கென்றே தனியே பிரித்தது. நியூயார்க் மாநிலத்தில் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2012இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் பாதுகாப்புத் திட்டம், ஆலோசனை நிலையங்களையும் சட்டச் சேவை நிலையங்களையும் ஒரே வலையமைப்பில் சேர்த்து நிதியளித்தது. அந்த ஆண்டில் ஐந்து பெரிய சர்வீசர்களோடு ஏற்பட்ட தேசிய அடமான உடன்பாட்டின் பணம் அதற்குக் கைகொடுத்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் ஏறத்தாழ 1,000 கோடி டாலரில் உருவான வீட்டு உரிமையாளர் உதவி நிதியிலும் ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் செலவிட அனுமதி இருந்தது. நெருக்கடி வரும்போது பணம் வருவதும், அது தணிந்ததும் பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவதும் இந்தத் துறையின் தீராத வேதனை. அடுத்த நெருக்கடியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில்

பயிற்சி எப்படி நடக்க வேண்டும்? பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நுகர்வோர் சட்ட மையம் போன்ற அமைப்புகளும், நெய்பர்ஒர்க்ஸ் நடத்தும் பயிற்சி முகாம்களும் பாடங்களைத் தருகின்றன. ஆயினும், சட்டப் பிரிவுகளைத் திரையில் ஓட்டிக்காட்டும் வகுப்பால் பெரிய பயன் விளையாது. பெயர்களை மறைத்த உண்மையான அறிவிப்புகளின் கட்டு ஒன்றைக் கலைத்துப் போட்டு, பத்து நிமிடங்களுக்குள் தேதிவாரியாக அடுக்கி, அடுத்த கெடுவைக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. ஒருவர் வீட்டு உரிமையாளராகவும் மற்றவர் ஆலோசகராகவும் அமர்ந்து பேசிப் பார்க்கும்போது, "என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்க வைக்க வேண்டும், எல்லைக்கோடு மிக எளிதாக அழிந்துபோவது அந்த இடத்தில்தான். உள்ளூர்ச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் அதே அறையில் இருக்க வேண்டும், பாடம் நடத்த மட்டுமன்றி, ஆலோசகர்களின் பெயரும் குரலும் அவர்களுக்குப் பழகுவதற்காகவும். அவசர நாளில் அழைப்பை எடுக்க வைப்பது அந்தப் பழக்கமே.

பயிற்சிக்குப் பின் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் கூடி, அனுப்பிய கோப்புகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எது தாமதமாக வந்தது, எது தேவையின்றி வந்தது, எந்தத் தாள் விடுபட்டது என்று பேசும்போதுதான் கண் கூர்மையாகிறது.

நம் பெண்மணியின் கோப்புக்குத் திரும்புவோம். மனு சேர்ப்பிக்கப்பட்டு பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகர் அவர் முன்னிலையிலேயே சட்ட உதவி நிலையத்தை அழைத்து, முதல் வரியில் "இன்னும் எட்டு நாட்கள்" என்று எழுதிய சுருக்கத்தை அனுப்புகிறார். தாயின் இறப்புச் சான்றிதழையும் மின்கட்டண ரசீதையும் எடுத்துவரச் சொல்கிறார். தவணைக் குறைப்பு விண்ணப்பத்துக்கான சம்பளச் சீட்டுகளைத் தாம் திரட்டத் தொடங்குகிறார். கோப்பில் "அனுப்பப்பட்டார்" என்ற கட்டத்தில் அவர் குறியிடுவதில்லை. நான்கு நாட்கள் கழித்து மீண்டும் அழைத்து, வழக்கறிஞரைச் சந்தித்தாயிற்று, பதில் மனு தாக்கலாயிற்று என்று கேட்டறிந்து, தாக்கல் செய்த தேதியை எழுதிய பிறகே அந்தக் கட்டத்தை நிரப்புகிறார்.